முன்னால் ஓடிய வில்லாளி

தண்ணீர்த் தொட்டியில் பிணம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியும், யாருடையதோ இடது கால் செருப்பும், ஒரு கூடை பாசியும்தான் இருந்தன.

"அப்பாடா!" என்றேன்.

"என்ன சார் அப்பாடா? காலைலேர்ந்து நாலு மாடிக்கும் சொட்டுத் தண்ணி இல்ல!" என்று சீறினார் குடியிருப்புச் சங்கச் செயலாளர். பாதிக் குளியலில் குழாய் நின்றுபோன மனிதர். காதோரம் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லலாமா என்று யோசித்து, எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

தொட்டியைக் காலி செய்யச் சொன்னவர் மூன்றாம் மாடிக்காரர். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, மூன்று நாளாகக் காணவில்லை. ஃபோன் அணைந்து கிடக்கிறது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. அதைத்தான் என் முதலாளியம்மா மொட்டைமாடி வெயிலில் கண்ணுக்கு அருகே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

'இனிமே டேங்க் நான் இல்லை வேற ஆளைப் பாத்துக்கங்க'

முதலாளியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துப்பறிய வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். யார் பேசினாலும் நடுவே 'ஒரு நிமிஷம்' என்று நிறுத்துவதால் அங்கே வைத்த பெயர் 'கமா'. நான் அவருடைய உதவியாளன். அடுத்தவர் பின்னாலேயே போவது தொழில் என்பதால் என் பெயர் 'வால்'. என் வாயைக் கேட்டு வைத்த பெயர் என்றும் ஒரு கட்சி உண்டு. வயது நாற்பத்தொன்று. தலையில் முடி போய்விட்டது, பெயர் போகவில்லை.

"மொதல்ல நான் வேற மாதிரி நெனச்சேன் மேடம்" என்றார் மூன்றாம் மாடிக்காரர். "இந்த மாசம் தொட்டி கழுவுற முறை எங்க வீட்டோடது. எப்பவும் மச்சான்தான் எறங்குவான். சரி, டிமிக்கி குடுக்குறான், வரட்டும் வெச்சுக்கறேன்னு இருந்துட்டேன். இன்னிக்குக் காலைல மறுபடி வாசிச்சேன். 'இனிமே டேங்க். நான் இல்லை.' பகீர்னு ஆயிடுச்சு!"

"ஒரு நிமிஷம்" என்றார் கமா. "டேங்க்குக்கு அப்பறம் நிறுத்தினீங்களே, அந்த எடத்துல என்ன இருக்கு?"

அவர் சீட்டை எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே."

"புள்ளி இல்ல, கமாகூட இல்ல. அவர் நிறுத்தாத எடத்துல நீங்க நிறுத்தியிருக்கீங்க. நிறுத்தி வாசிச்சா சாவு. நிறுத்தாம வாசிச்சா ராஜினாமா."

"ராஜினாமாவா? எதுலேர்ந்து?"

"டேங்க்லேர்ந்து. அது என்ன உத்தியோகம்னுதான் எனக்குத் தெரியல."

எனக்குத் தெரிந்தது. இந்த வேலைக்கு வரும் முன் ஒரு பிரௌசிங் சென்டர் நடத்தி, நல்லபடியாக மூடியவன் நான். "மேடம், அவர் ரூமுக்குப் போவோம்" என்றேன்.

அறையில் ஒற்றைக் கட்டில், இஸ்திரி போட்டு மடித்த இரண்டு நீலச் சட்டை, மேஜைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். சுவரில் கோட்டை படம் போட்ட ஒரு போஸ்டர். கீபோர்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லா எழுத்தும் பளிச்சென்று இருக்க, இடதுபுறம் ஒரே ஒரு எழுத்து மட்டும் தேய்ந்து அழிந்துபோயிருந்தது.

"ஏழு கோட்டைன்னு ஒரு ஆன்லைன் கேம் மேடம். உள்ள போனதும் மொதல் கேள்வியே 'நீ யார்?'தான். நாலு வகை இருக்கு. தாங்கி, வைத்தியர், வில்லாளி, மாயாவி. ஒண்ணத் தேர்ந்தெடுத்தா எடுத்ததுதான். வேற வேணும்னா புது ஆளா மறுபடி மொதல்லேர்ந்து வரணும். இதுல தாங்கிய ஆடுறவங்க டேங்க்னுதான் சொல்லுவாங்க."

"டேங்க் என்ன பண்ணுவார்?"

"கேடயத்த வெச்சுக்கிட்டு முன்னால நிப்பார். பூதம் யாரை அடிக்க வந்தாலும், அதச் சீண்டித் தன் பக்கம் திருப்பிக்குவார். மத்த மூணு பேரும் அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னு சண்டை போட்டுப் பேர் வாங்கிடுவாங்க. இந்தாங்க, அழிஞ்சு கெடக்கே, இதான் கேடயத்தத் தூக்குற பட்டன். எவ்வளவு அடி வாங்கியிருந்தா இப்படித் தேஞ்சிருக்கும் பாருங்க!"

"அப்போ டேங்க் வாங்கற அடி, டேங்க்குக்கு வந்த அடி இல்ல."

"இல்லவே இல்ல. வேற யாருக்கோ வந்தது" என்றேன், ஏதோ ஜோக் சொன்ன தோரணையில். கமா சிரிக்கவில்லை. அழிந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாம் மாடிக்காரரின் மனைவி, அதாவது மச்சானின் அக்கா, நடத்தும் சலவைக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே நீராவிச் சத்தம், சூடான துணி வாசனை. காணாமல்போனவர் அங்கேதான் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். அக்கா கவுண்டரில் நின்று பேசிக்கொண்டே, கை பாட்டுக்கு ஒரு துணி மூட்டைக்கு நீல நாடாவால் முடிச்சுப் போட்டார். கண் எங்கள்மேல் இருக்க, கை தானாக வேலை செய்தது. முடிச்சில் மூன்று காது நின்றது.

"முயலுக்கே ரெண்டு காதுதான் இருக்கு" என்றேன்.

அந்தக் கவலையிலும் அவருக்கு ஒரு சின்னப் பெருமை. "எங்க கடை அடையாளம். இங்க இருக்குற பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுத்துப் பாத்தேன், யாருக்கும் நிக்கல, அவுந்துடுது."

பிறகு விஷயத்தைச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு முன் பெரிய இஸ்திரி மெஷினில் ஒரு விபத்து. அந்த மெஷினுக்கு ஒரு மூடி. மூடியைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். வேலை சீக்கிரம் ஆக வேண்டுமென்று யாரோ அந்த ஸ்விட்சை நிற்கவிடாமல் இழுத்துக் கட்டிவிட்டார்கள். மெஷினில் வேலை பார்த்த அம்மாளின் வலது கை உள்ளே போய்விட்டது. இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். 'நான்தான் கட்டினேன்' என்று தம்பி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி முன் வாக்குமூலம். இந்த நேரத்தில்தான் ஆளைக் காணோம்.

"வராட்டி தலைமறைவுன்னு எழுதிடுவாங்க மேடம்."

"வந்தா?"

அக்கா நாடாச் சுருளைக் கையில் சுற்றினார். "லைசென்ஸ் போகும். கேஸ் வரும். ஆனா ஓடினவன்னு பேர் வராது பாருங்க. அவன் வந்து கையெழுத்துப் போட்டா போதும்." விசாரணைக் காகிதங்கள் அடங்கிய உறையையும் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கமா கேட்டார். "வாலு, உன் தம்பி தொலைஞ்சுபோனா நீ என்ன சொல்லுவே?"

"வந்தா போதும்னு சொல்லுவேன்."

"இவங்க எத்தன வார்த்த சொன்னாங்க?"

எனக்கு அப்போது உறைக்கவில்லை. தம்பி என்றதும் மனசு வேறு பக்கம் போய்விட்டது. சின்ன வயதில் நான் உடைத்த அலமாரிக் கண்ணாடிக்கு 'நான்தான்' என்று போய் நின்று பிரம்படி வாங்கியவன் என் தம்பி. கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, வெளியே வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆபீஸுக்கு வந்ததும் கமா வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "டேங்க் நான் இல்லைன்னுதான் எழுதியிருக்கார். ஆட்டமே வேணாம்னு எழுதல. வகையைத்தான் விட்டிருக்கார். அப்போ?"

"எங்கயாவது பிரௌசிங் சென்டர்லேர்ந்து புது ஆளா உள்ள வந்திருப்பார்! மூணு நாள்தான் ஆச்சு. புதுசா வந்தவங்க ஒரு வாரத்துக்கு மொதல் ஊரைத் தாண்ட முடியாது. அங்கதான் இருக்கணும்."

"எத்தன பேர் இருப்பாங்க?"

"ஐந்நூறு பேர் இருக்கலாம். எல்லாருக்கும் புனைபேர். எந்த வகைய எடுத்தார்னும் தெரியாது. வைக்கோல்போர்ல ஊசி."

"ஊசியத் தேடாதே. குத்துதான்னு பாரு" என்றார் கமா. "அடிச்சா சீக்கிரம் சாகுற வகை எது?"

"வைத்தியர்."

"நீ வைத்தியர்."

"இந்த மூஞ்சியப் பாத்தா யாராவது மருந்து வாங்குவாங்களா மேடம்?" என்று முனகிக்கொண்டே வைத்தியரைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் கேட்டது. யோசிக்காமல் 'பாவம்' என்று அடித்தேன்.

நான்கு மணிக்கு அக்கா வந்து என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் முதல் ஊரின் எல்லைக்குள்ளேயே இருந்த காட்டோரம் ஓர் ஓநாயைக் கல்லால் அடித்தேன். அது சும்மா இருக்குமா? பாய்ந்தது. "காப்பாத்துங்க!" என்று பொது அரட்டையில் தட்டினேன்.

ஒரு மாயாவி நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். இன்னொருவன் என் மூலிகைக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஒரு வில்லாளி தூர மரத்தடியில் பத்திரமாக நின்று இரண்டு அம்பு விட்டான். நான் செத்தேன். மறுபடி எழுந்து போய் மறுபடி கல்லெறிந்தேன். ஆறாவது சாவுக்கு நான் தயாரானபோதுதான் அது நடந்தது.

ஒரு வில்லாளி. மெல்லிய துணிச் சட்டை, கையில் வில். தூரத்தில் நிற்க வேண்டியவன் புதரைத் தாண்டி விழுந்தடித்து ஓடிவந்து, எனக்கும் ஓநாய்க்கும் நடுவில், ஓநாயின் மூக்குக்கு நேராக நின்றான். அம்பு விடவே இல்லை. இரண்டு கடியில் செத்தான். எழுந்து மறுபடி ஓடிவந்து அதே இடத்தில் நின்றான். மறுபடி செத்தான்.

"மேடம்!" என்று கத்தினேன். "வில்ல வெச்சுக்கிட்டு முன்னால ஓடுற ஆள எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அவன் பெயரைப் படித்தேன். 'சும்மா'.

"எந்த வகைய எடுத்தாலும் கால் பழைய எடத்துக்குத்தான் ஓடும்" என்றார் கமா. "நன்றி சொல்லு. டேங்க் மாதிரி நின்னீங்கன்னு சொல்லு."

தட்டினேன். பதில் வர நேரமாயிற்று.

'பழக்க தோஷம்' என்று வந்தது.

பின்னால் அக்கா விம்மினார். "அவன்தான்! இந்த வார்த்தைய அவன்தான் சொல்லுவான்!"

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு நல்ல மனுஷனின் நல்ல குணத்தையே தூண்டிலில் மாட்டி அவனைப் பிடித்திருக்கிறேன். திரையில் என் பெயர் 'பாவம்' என்று மினுக்கியது. அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சொல்லுங்க சார்" என்று அக்கா என் தோளைப் பிடித்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு வந்து கையெழுத்து..."

"ஒரு நிமிஷம்" என்றார் கமா.

உறையைத் திறந்து ஒரு ஃபோட்டோவை மேஜைமேல் வைத்தார். விபத்து நடந்த மெஷினின் ஃபோட்டோ. மூடிக்குப் பக்கத்தில் அந்த ஸ்விட்ச். அதை இழுத்துக் கட்டிய நீல நாடா. நாடாவின் முடிச்சில் மூன்று காது.

ஃபோட்டோவை அக்காவின் பக்கம் நகர்த்தினார்.

"வேற யாருக்கும் நிக்காதுன்னு நீங்களே சொன்னீங்க" என்றார் கமா, குரலை உயர்த்தாமல். "இது ரெண்டு வாரமா அவுழாம நிக்குது."

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. கையைப் பார்த்தேன். மடியில் புடவை நுனியை மூன்றாக மடித்துப் பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நூத்தம்பது சட்டை சாயங்காலத்துக்குள்ள போகணும்" என்றார் கடைசியில். "மூடியத் தெறக்க தெறக்க மெஷின் நிக்குது. பத்து நிமிஷம்தானேன்னு கட்டினேன். அவிழ்க்க மறந்துட்டேன். அந்தம்மா கத்தின கத்தல் இன்னும் காதுல இருக்கு மேடம். எல்லாரும் ஓடிவந்து யாரு கட்டினதுன்னு கேக்கறாங்க. எனக்கு வாய் வரல. அவன் முன்னால வந்து நான்தான்னுட்டான். அப்பறமா என்கிட்ட, 'நான் பாத்துக்கறேன், விடுக்கா'ன்னான். நானும் விட்டுட்டேன்."

"அவர் ஏன் போனார்?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வந்தான். 'ஏன் தம்பி இப்படிப் பண்ணினே, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்'னு அந்தம்மா கேட்டாங்களாம். வந்து சாப்பிடல. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தான், நான் ஏதாவது சொல்லுவேன்னு. நான் ஃபிரிட்ஜத் தெறந்து எதையோ தேடற மாதிரி நின்னேன்." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "மறுநாள் அதே ஃபிரிட்ஜ்ல சீட்டு. என் வீட்டுக்காரர் தொட்டிய எறைக்கறார். எனக்கு அந்தச் சீட்டு வாசிச்ச ஒடனே புரிஞ்சுது மேடம். டேங்க்னா என்னன்னு தெரியாமலே புரிஞ்சுது. புரிஞ்சும் கையெழுத்துக்காகத் தேடினேன்."

கமா ஆறுதல் சொல்லவில்லை. அதட்டவும் இல்லை. தன் கம்ப்யூட்டரை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார். "அவர் இன்னும் அங்கதான் நிக்கறார். என்ன சொல்லணுமோ நீங்களே போய்ச் சொல்லுங்க."

நான் விளையாட்டைத் திறந்து கொடுத்தேன். பெயர் கேட்டது. 'அக்கா' என்று ஒற்றை விரலால் தட்டினார். அடுத்த திரை வந்தது. நான்கு உருவங்கள், மேலே பெரிய எழுத்தில் 'நீ யார்?'

அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வில்லாளி எடுங்கம்மா, புதுசா வர்றவங்களுக்கு அதான் சுலபம்" என்றேன். "இல்லன்னா வைத்தியர். யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

அவர் கேடயக்காரனின்மேல் விரலை வைத்தார். "இதுதானே?"

"ஆமா. ஆனா கஷ்டம். ஒரு தடவ எடுத்துட்டா மாத்த முடியாது."

அழுத்தினார்.

நடக்கத் தெரியவில்லை. வேலியில் முட்டினார், குளத்தில் இறங்கினார், நான் வழி சொல்லச் சொல்ல ஒருவழியாகக் காட்டோரம் வந்து சேர்ந்தார். என் ஓநாய் அங்கே தயாராக இருந்தது. 'சும்மா' எனக்கு முன்னால் நின்று கடி வாங்கிக்கொண்டிருந்தார். அக்கா தட்டுத்தடுமாறிப் போய் அவருக்கும் முன்னால் நின்றார். கேடயம் தரையைப் பார்த்துத் தொங்கியது. ஓநாய் ஒரே போடாகப் போட்டது.

செத்து எழுந்து மறுபடி வந்தார். அதே இடம்.

'யாருங்க இது, கேடயத்தத் தூக்காமயே வந்து நிக்கறது?' என்று வந்தது 'சும்மா'வின் அரட்டை. 'டேங்க் ஆடத் தெரியாதா?'

அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்.

'தெரியாது. இத்தன நாளா நீதான ஆடின'

வில்லாளி அசையாமல் நின்றான். பெயரைப் படித்திருப்பான் என்று நினைக்கிறேன். அக்கா தொடர்ந்து தட்டினார்.

'நாடா கட்டினது நான். நாளைக்கு நான் போறேன். நீ கையெழுத்துப் போட வேணாம். நீ வந்தா போதும்'

ஓநாய் மறுபடி உறுமியது. வில்லாளி திடுமெனக் கிளம்பி, வில்லோடு ஓடிவந்து, அக்காவுக்கு முன்னால் நின்றான்.

'உனக்குப் பழக்கமில்லக்கா. பின்னால நில்லு.'

அதைப் படித்ததும் அக்கா வாய்விட்டு அழுதார். ஆபீஸில் அழுகை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் இந்த முறை எனக்கும் கண் கலங்கியது, திரையைத் துடைப்பதுபோல் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சார்" என்றார் அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அந்தக் கேடயத்த எப்படித் தூக்கறது?"

"இடது பக்கம், இந்த எழுத்து. உங்க தம்பி கீபோர்டுல தேஞ்சுபோய்க் கெடந்துச்சே, அதே பட்டன். அழுத்தினா விடக் கூடாது."

அழுத்தினார். கேடயம் எழுந்தது. ஒரு அடி எடுத்து வைத்துத் தம்பிக்கு முன்னால் போனார். ஓநாய் மோதியது, கேடயம் அதிர்ந்தது, ஆள் விழவில்லை.

இடது கை விரலை எடுக்காமலே வலது கையால் தன் ஃபோனைத் தேடி எடுத்தார். விசாரணை அதிகாரியின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தார்.

"சார், சலவைக் கடைலேர்ந்து பேசறேன் நாளைக்கு என் தம்பி வர மாட்டான் நான்தான் வருவேன் அந்த நாடாவக் கட்டினது அவன் இல்ல நான்" என்றார், எங்கேயும் நிறுத்தாமல்.

கமா அவரை நிறுத்தவில்லை.